பனியில் ஓடிய குதிரை: செயின்ட் மோரிட்ஸில் ஒரே முறை நடந்த பென்டத்லன்

ஒலிம்பிக் வரலாற்றில் ஒரே ஒரு முறை நடத்தப்பட்டு, அதன் பின்னர் திரும்பி வராமலே போன போட்டிகள் சில உண்டு. அவற்றில் ஒன்று, 1948ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பெற்ற ஆடவர் குளிர்கால பென்டத்லன்.

அதில் பங்கேற்றவர்கள் 14 பேர் மட்டுமே. அது கண்காட்சிப் போட்டியாகவே நடத்தப்பட்டதால், வென்றவர்களின் பெயர்கள் அதிகாரபூர்வ பதக்கப் பட்டியலில் சேரவில்லை. பெரும்பாலான விளையாட்டு ரசிகர்கள் அப்படியொரு போட்டி நடந்ததையே அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும், நவீன பென்டத்லன் என்ற விளையாட்டு தன் ஐந்து பிரிவுகளில் ஒன்றான குதிரையேற்றத்தைக் கைவிட்டு, 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிற்குத் தயாராகும் இந்த வேளையில், செயின்ட் மோரிட்ஸ் பரிசோதனையைத் திரும்பிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. ஐந்தில் எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றக் கூடாது என்ற கேள்வி இந்த விளையாட்டின் முன் அன்றே எழுந்துவிட்டது.

கூபர்டனின் கற்பனை

நவீன பென்டத்லன் என்பது வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், ஓட்டம் ஆகிய ஐந்தையும் ஒரே வீரர் செய்து முடிக்க வேண்டிய போட்டியாக உருவானது. பண்டைய கிரேக்க ஒலிம்பிக்கில் ஓட்டம், நீளம் தாண்டுதல், வட்டு எறிதல், ஈட்டி எறிதல், மல்யுத்தம் ஆகியவை அடங்கிய ஐந்து அங்கப் போட்டி ஒன்று இருந்தது. அதன் பெயரைக் கடன் வாங்கியே நவீன ஒலிம்பிக் இயக்கத்தின் நிறுவனரான பிரான்ஸின் பியர் டி கூபர்டன் இதற்குப் பெயர் சூட்டினார்.

எதிரிகளின் எல்லைக்குள் சிக்கிக்கொண்ட ஒரு குதிரைப்படை அதிகாரி, செய்தியொன்றைத் தன் படையிடம் கொண்டு சேர்க்க வேண்டும். கிடைத்த குதிரையில் ஏறி, துப்பாக்கியாலும் வாளாலும் வழியை உண்டாக்கி, ஆற்றை நீந்தி, இறுதியில் கால்நடையாக ஓடி அவர் வந்து சேருகிறார். இதுவே இந்த விளையாட்டைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கதை உண்மையோ பொய்யோ, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ராணுவ அதிகாரி ஒருவரின் லட்சிய வடிவம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

முதல் போட்டி 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்தது. முதல் நான்கு இடங்களையும் ஸ்வீடன் வீரர்களே பிடித்தனர். தங்கம் வென்றவர் யோஸ்டா லில்லிஹூக். ஐந்தாவதாக வந்தவர் ஜார்ஜ் பேட்டன் என்ற இளம் அமெரிக்க அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளை ஐரோப்பாவில் வழிநடத்திய அதே ஜெனரல் பேட்டன்தான் அவர்.

மற்ற விளையாட்டுகளுக்கு இல்லாத ஒரு தனி நிலை இதற்கு இருந்தது. தடகளத்துக்கும் நீச்சலுக்கும் தனித்தனி சர்வதேச சம்மேளனங்கள் உருவாகிவிட்ட பின்னரும், நவீன பென்டத்லனைப் பல ஆண்டுகள் சர்வதேச ஒலிம்பிக் குழுவே நேரடியாக நிர்வகித்து வந்தது. கூபர்டனின் செல்லப் பிள்ளை என்று இதைச் சொல்வது மிகையாகாது. அவர் 1915ஆம் ஆண்டு ஒலிம்பிக் குழுவின் தலைமையகத்தைச் சுவிட்சர்லாந்தின் லொசான் நகருக்கு மாற்றியதிலிருந்து, இந்தப் பிள்ளையின் விதியும் அந்த நாட்டுடன் பிணைக்கப்பட்டுவிட்டது.

போருக்குப் பிந்தைய முதல் ஒலிம்பிக்

சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில், எங்காடின் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது செயின்ட் மோரிட்ஸ். குளிர்காலத்தில் அங்குள்ள ஏரி கெட்டியாக உறைந்துவிடும். உறைந்த ஏரியின் மீது குதிரைப் பந்தயங்கள் நடத்துவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அந்த ஊரின் வழக்கம்.

அந்நகரம் 1928இல் ஒரு முறை குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தியிருந்தது. 1940ஆம் ஆண்டுப் போட்டிகளை ஜப்பானின் சப்போரோ கைவிட்டபோது, அந்த வாய்ப்பும் செயின்ட் மோரிட்ஸுக்கே வந்தது. ஆனால் பனிச்சறுக்குப் பயிற்றுநர்களைப் போட்டியிட அனுமதிப்பதா என்ற தகராறில் அது கைநழுவியது. பிறகு போர் மூண்டதால் 1940, 1944 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஒலிம்பிக்கே நடக்கவில்லை.

போர் ஓய்ந்தபோது ஐரோப்பாவின் பெரும்பகுதி இடிபாடுகளில் கிடந்தது. நடுநிலை வகித்த சுவிட்சர்லாந்தில் விடுதிகளும் ரயில் பாதைகளும் போட்டி அரங்குகளும் சேதமின்றி இருந்தன. ஆகவே 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி முதல் பிப்ரவரி 8ஆம் தேதி வரை 28 நாடுகள் அங்கு கூடின. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பு அனுப்பப்படவில்லை.

அந்தப் போட்டிகள் பெரும்பாலும் நினைவுகூரப்படுவது வேறு காரணங்களுக்காக. ஐஸ் ஹாக்கியில் அமெரிக்காவின் பெயரில் இரண்டு அணிகள் வந்து இறங்கி, எது உண்மையான அணி என்று சண்டையிட்ட கதை அவற்றில் ஒன்று. இந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் இரண்டு கண்காட்சிப் போட்டிகள் நடத்தப்பட்டன. ஒன்று ராணுவ ரோந்து என்று அழைக்கப்பட்ட, துப்பாக்கியுடன் குழுவாகச் செல்லும் பனிச்சறுக்குப் போட்டி. மற்றொன்று குளிர்கால பென்டத்லன்.

இரண்டை மாற்றி மூன்றைக் காத்தது

பனியில் நீந்த முடியாது. ஆழமான பனியில் ஓடுவதும் இயலாது. எனவே அமைப்பாளர்கள் ஐந்தில் இரண்டை மாற்றினார்கள். ஓட்டத்துக்குப் பதிலாக 10 கிலோமீட்டர் நெடுந்தூரப் பனிச்சறுக்கும், நீச்சலுக்குப் பதிலாக மலைச்சரிவில் கீழ்நோக்கி விரையும் பனிச்சறுக்கும் சேர்க்கப்பட்டன. வாள்வீச்சு, கைத்துப்பாக்கி சுடுதல், குதிரையேற்றம் மூன்றும் அப்படியே நீடித்தன.

இந்தத் தேர்வு கவனிக்கத்தக்கது. பனிப் பிரதேசத்தில் குதிரையை வைத்துக்கொண்டு போட்டி நடத்துவது எளிதான காரியம் அல்ல. அதைக் கைவிடுவதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. இருந்தும் எவரும் கைவிடவில்லை. அக்காலத்தில் இந்த விளையாட்டை நடத்தியவர்களும் ஆடியவர்களும் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகள். குதிரை இல்லாத பென்டத்லனை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தண்ணீரையும் தரையையும் மாற்றலாம், குதிரையை மாற்ற முடியாது என்பதே அவர்களுடைய கணக்காக இருந்தது.

மலைச்சரிவுப் பனிச்சறுக்கைச் சேர்த்ததும் துணிச்சலான முடிவே. அந்தப் பிரிவு தனிப் பதக்கப் போட்டியாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே 1948இல்தான். வாளும் குதிரையும் பழகிய ஓர் அதிகாரியைச் செங்குத்தான மலைச்சரிவில் இறக்கிவிடுவது, அவருக்கு மட்டுமன்றி அவரைப் பயிற்றுவித்தவர்களுக்கும் நெஞ்சு படபடக்கும் விஷயமாக இருந்திருக்கும்.

ஸ்வீடன், பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் வீரர்களே களமிறங்கினர். முடிவில் முதல் மூன்று இடங்களும் ஸ்வீடனுக்குச் சென்றன. குஸ்தாவ் லிந்த் முதலிடமும், வில்லியம் க்ரூட் இரண்டாமிடமும், பெர்டில் ஹாஸே மூன்றாமிடமும் பெற்றனர்.

இது வியப்புக்குரியதல்ல. ஸ்வீடனும் போரில் நடுநிலை வகித்த நாடு. மற்ற நாடுகளின் இளம் அதிகாரிகள் போர்க்களங்களில் இருந்த ஆண்டுகளில், ஸ்வீடன் அதிகாரிகளுக்குப் பயிற்சியைத் தொடர வாய்ப்பிருந்தது. பனிச்சறுக்கும் குதிரையேற்றமும் ஒருசேர ஊறிய ராணுவ மரபு அவர்களுடையது. போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்துக்கு ஆறுதல் வேறு இடத்தில் கிடைத்தது. மற்றொரு கண்காட்சிப் போட்டியான ராணுவ ரோந்தில் அந்நாட்டு அணி பின்லாந்தையும் ஸ்வீடனையும் முந்தி முதலிடம் பெற்றது.

க்ரூட்டின் ஆண்டு

இரண்டாமிடம் பெற்ற வில்லியம் க்ரூட், வில்லி என்றே பரவலாக அறியப்பட்டவர். 1912 ஒலிம்பிக் நடந்த ஸ்டாக்ஹோம் அரங்கை வடிவமைத்த கட்டடக் கலைஞர் டோர்பென் க்ரூட்டின் மகன். நவீன பென்டத்லன் பிறந்த ஒலிம்பிக்கின் அரங்கைத் தந்தை கட்ட, அந்த விளையாட்டின் மிகச் சிறந்த வெற்றியை மகன் ஈட்டினார்.

செயின்ட் மோரிட்ஸ் போட்டி முடிந்து ஆறு மாதங்களில், லண்டன் கோடைக்கால ஒலிம்பிக்கில் க்ரூட் களமிறங்கினார். அப்போதைய விதிகளின்படி ஒவ்வொரு பிரிவிலும் வீரர் பெறும் இடமே அவருடைய புள்ளி. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, பத்தாமிடத்துக்குப் பத்துப் புள்ளி. மொத்தத்தில் குறைந்த புள்ளி பெறுபவரே வெற்றியாளர். க்ரூட் குதிரையேற்றம், வாள்வீச்சு, நீச்சல் மூன்றிலும் முதலிடம் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் ஐந்தாவது, ஓட்டத்தில் எட்டாவது. மொத்தம் 16 புள்ளிகள்.

இரண்டாமிடம் பெற்ற அமெரிக்காவின் ஜார்ஜ் மூர் எடுத்தது 47 புள்ளிகள். மூன்றாமிடம் பெற்ற ஸ்வீடனின் யோஸ்டா யார்டின் 49. நவீன பென்டத்லன் வரலாற்றில் இவ்வளவு பெரிய இடைவெளியில் பெற்ற வெற்றியை வேறு எங்கும் காண்பது கடினம்.

அத்தகைய ஒருவர் செயின்ட் மோரிட்ஸில் இரண்டாமிடமே பெற்றார் என்பதை மறந்துவிடக் கூடாது. நீச்சலில் ஸ்வீடனின் தேசியப் பட்டங்களை வென்றிருந்த அவருக்கு, நீச்சல் இல்லாத பென்டத்லன் ஒரு பலத்தைப் பறித்துவிட்டது எனலாம். ஐந்தில் ஒன்றை மாற்றினால் வெற்றியாளரும் மாறக்கூடும் என்பதற்கு ஒரே ஆண்டில் கிடைத்த சான்று இது.

அதே லண்டன் ஒலிம்பிக்கையொட்டி, 1948 ஆகஸ்டில், சர்வதேச நவீன பென்டத்லன் சம்மேளனம் உருவாக்கப்பட்டது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மடியிலிருந்து பிள்ளை இறங்கி நடக்கத் தொடங்கியது அப்போதுதான். க்ரூட் 1960 முதல் 1984 வரை அந்தச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளராகப் பணியாற்றினார். 2012ஆம் ஆண்டு தமது 98ஆவது வயதில் அவர் காலமானார்.

செயின்ட் மோரிட்ஸில் போட்டியிட்ட இன்னொருவரின் கதையும் சுவையானது. பிரிட்டனின் டெரெக் ஆல்ஹூசன் அங்கு பதக்கம் எதுவும் இன்றித் திரும்பினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1968இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டியில், தமது 54ஆவது வயதில், அணிப் பிரிவில் தங்கமும் தனிநபர் பிரிவில் வெள்ளியும் வென்றார்.

ஏன் தொடரவில்லை?

கண்காட்சிப் போட்டிகள் என்பவை ஒலிம்பிக்கின் வாசலில் நின்று கதவைத் தட்டுபவை. சிலவற்றுக்குக் கதவு திறக்கும். பூப்பந்து 1972இல் மியூனிக்கில் கண்காட்சியாக இடம்பெற்று, இருபது ஆண்டுகள் கழித்து பார்சிலோனாவில் பதக்கப் போட்டியாயிற்று. கர்லிங் 1932இல் காட்டப்பட்டு, 1998 வரை காத்திருந்தது. குளிர்கால பென்டத்லனுக்கு அந்தக் கதவு திறக்கவேயில்லை. 1952ஆம் ஆண்டு ஆஸ்லோ போட்டிகளில் அது சேர்க்கப்படவில்லை; அதன் பின்னரும் இல்லை.

காரணங்களை ஊகிப்பது சிரமமல்ல. நெடுந்தூரப் பனிச்சறுக்கு, மலைச்சரிவுப் பனிச்சறுக்கு, வாள், துப்பாக்கி, குதிரை ஆகிய ஐந்திலும் தேர்ந்த ஆட்கள் உலகில் எத்தனை பேர்? 14 பேர் மட்டுமே வந்தது அதற்கான பதில். பனிச்சறுக்கு வீரர்களிடம் குதிரை இல்லை. குதிரைப்படை உள்ள பல நாடுகளில் பனிமலை இல்லை. அதோடு, போர் முடிந்த களைப்பில் இருந்த ஐரோப்பாவில் குதிரைப்படைகளே கலைக்கப்பட்டு வந்தன.

ஆனால் அதன் எளிமையான உறவினர் ஒருவர் பிழைத்துக்கொண்டார். பனிச்சறுக்கையும் துப்பாக்கியையும் மட்டும் இணைத்த பயத்லன்தான் அது. ராணுவ ரோந்துப் போட்டியின் வாரிசு. 1950களில் நவீன பென்டத்லன் சம்மேளனமே அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வளர்த்தது. முதல் உலகப் போட்டி 1958இல் ஆஸ்திரியாவின் சால்ஃபெல்டன் நகரில் நடந்தது. 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் அது ஒலிம்பிக் பதக்கப் போட்டியாயிற்று. 1990களில் பயத்லன் தனிச் சம்மேளனம் கண்டு தாய் வீட்டை விட்டுப் பிரிந்தது. இன்று ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் மிக அதிகம் பார்க்கப்படும் குளிர்கால விளையாட்டுகளில் பயத்லனும் ஒன்று. அதை வளர்த்துவிட்ட நவீன பென்டத்லனோ, ஒவ்வொரு ஒலிம்பிக் சுழற்சியிலும் தன் இடத்தைக் காத்துக்கொள்ளப் போராட வேண்டியிருக்கிறது.

குதிரையை விட்ட நாடு

சுவிட்சர்லாந்துக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு செயின்ட் மோரிட்ஸோடு முடிந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டு உலக சாம்பியன் போட்டி பெர்ன் நகரில் நடந்தது. ஸ்வீடனின் லார்ஸ் ஹால் வென்றார். 1963இல் மக்லிங்கனில் நடந்தபோது ஹங்கேரியின் ஆண்ட்ராஷ் பால்ட்ஸோ வென்றார். தொடர்ந்து அவர் பெற்ற ஐந்து தனிநபர் உலகப் பட்டங்களில் அதுவே முதலாவது. மக்லிங்கன் என்பது தமிழர்கள் பலர் வாழும் பீல் நகருக்கு மேலே, மலையின் மீது அமைந்துள்ள ஊர். 1944 முதல் சுவிட்சர்லாந்தின் தேசிய விளையாட்டுப் பள்ளி அங்கு இயங்கி வருகிறது.

இத்தனை இருந்தும் ஒலிம்பிக் நவீன பென்டத்லனில் சுவிட்சர்லாந்து ஒரு பதக்கம்கூட வென்றதில்லை. துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கும் குடிமக்கள் ராணுவமும், நீண்ட துப்பாக்கி சுடும் மரபும், குதிரைப்படையும் கொண்ட நாடு அது. ஐரோப்பாவின் மற்ற ராணுவங்கள் குதிரைகளைக் கைவிட்டு நெடுநாள் ஆன பின்னரும், சுவிட்சர்லாந்து தன் குதிரைப்படையை வைத்திருந்தது. 1972இல்தான், பலத்த எதிர்ப்புக்கு இடையே, அதைக் கலைக்க அந்நாட்டு நாடாளுமன்றம் முடிவெடுத்தது.

லார்ஸ் ஹால் பற்றி இங்கு ஒரு குறிப்பு. தச்சுத் தொழிலாளியான அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது, ராணுவ அதிகாரி அல்லாத முதல் வெற்றியாளர் ஆனார். அங்கு குலுக்கலில் அவருக்குக் கிடைத்த குதிரை நொண்டியதால் மாற்றுக் குதிரை வழங்கப்பட்டது. அது மிகச் சிறந்த குதிரையாக அமைந்துவிட்டது. பென்டத்லன் வீரர் தன் சொந்தக் குதிரையில் போட்டியிடுவதில்லை. குலுக்கலில் வரும், முன்பின் அறியாத குதிரையில்தான் ஏற வேண்டும். 1952இல் அந்தக் குலுக்கல் ஒருவருக்கு அதிர்ஷ்டமாக முடிந்தது. சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து டோக்யோவில் அதே குலுக்கல் இந்த விளையாட்டையே கவிழ்க்கப் பார்த்தது.

டோக்யோவில் நடந்தது

கொரோனா பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன டோக்யோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 6ஆம் தேதி, மகளிர் நவீன பென்டத்லன் நடந்தது. வாள்வீச்சும் நீச்சலும் முடிந்தபோது ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். குலுக்கலில் அவருக்கு வந்த குதிரையின் பெயர் செயின்ட் பாய். ஏற்கெனவே வேறொரு வீராங்கனையிடமும் முரண்டு பிடித்த குதிரை அது.

அறியாத குதிரையுடன் பழகிக்கொள்ள வீரர்களுக்கு வழங்கப்படுவது 20 நிமிடங்கள் மட்டுமே. செயின்ட் பாய் தடைகளைத் தாண்ட மறுத்தது. ஷ்லோய் குதிரை மீதமர்ந்தபடியே கண்ணீர் விட்டார். சாட்டையையும் குதிமுள்ளையும் பயன்படுத்தினார். பயிற்றுநர் கிம் ரைஸ்னர் குதிரையைக் கைமுட்டியால் குத்திய காட்சி உலகெங்கும் ஒளிபரப்பானது. ரைஸ்னர் எஞ்சிய போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டார். குதிரையேற்றத்தில் புள்ளி எதுவும் பெறாத ஷ்லோய் 31ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

குதிரைக்கு இழைக்கப்பட்டது கொடுமை என்பதில் ஐயமில்லை. அதே நேரம், பல ஆண்டு உழைப்பை 20 நிமிடப் பழக்கத்தில் தொங்கவிடும் ஒரு விதிமுறைக்குள் அந்த வீராங்கனையும் சிக்கியிருந்தார். பழி முழுவதையும் அந்த அரங்கில் நின்ற இரு பெண்களின் மீது சுமத்துவது நியாயமாகத் தோன்றவில்லை.

லொசானில் எழுதப்படும் தீர்ப்பு

இந்த நெருக்கடி வெறுமையில் தோன்றியதல்ல. 2002ஆம் ஆண்டிலேயே, பேஸ்பால், சாஃப்ட்பால் ஆகியவற்றுடன் நவீன பென்டத்லனையும் நீக்கலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஆய்வுக் குழு பரிந்துரைத்திருந்தது. 2005இல் சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் மற்ற இரண்டும் வெளியேற, நவீன பென்டத்லன் தப்பியது.

2013 பிப்ரவரியில் லொசானில் கூடிய ஒலிம்பிக் செயற்குழு, நீக்கப்பட வேண்டிய விளையாட்டாக மல்யுத்தத்தைத் தேர்ந்தெடுத்தது. பண்டைய ஒலிம்பிக்கிலேயே இருந்த மல்யுத்தம் வெளியே, கூபர்டனின் கற்பனையில் பிறந்த பென்டத்லன் உள்ளே என்பது பலரை அதிர வைத்தது. சுஷில் குமார் போன்ற மல்யுத்த வீரர்கள் மூலம் பதக்கம் கண்டிருந்த இந்தியாவில் கோபம் அதிகமாகவே இருந்தது. நவீன பென்டத்லன் சம்மேளனத்தின் துணைத் தலைவரான ஹுவான் அந்தோனியோ சமராஞ்ச் இளையவர் அதே செயற்குழுவில் உறுப்பினராக இருந்ததும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டது. சில மாதங்களில் மல்யுத்தம் மீண்டும் சேர்க்கப்பட்டது.

டோக்யோ சம்பவத்துக்குப் பின்னர், 2021 நவம்பரில், குதிரையேற்றத்தைக் கைவிடப்போவதாகச் சம்மேளனம் அறிவித்தது. தங்களைக் கலந்தாலோசிக்காமல் எடுக்கப்பட்ட முடிவு என்று வீரர்கள் நூற்றுக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தனர். டோக்யோவில் ஆடவர் தங்கம் வென்ற பிரிட்டனின் ஜோ சூங் எதிர்ப்பாளர்களில் முக்கியமானவர். ஆனால் டிசம்பரில் வெளியான 2028 ஒலிம்பிக்கின் தொடக்கப் பட்டியலில் நவீன பென்டத்லனின் பெயரே இல்லை. மாறாவிட்டால் மறைந்துபோக நேரிடும் என்ற செய்தி அதில் தெளிவாக இருந்தது.

குதிரைக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது தடை ஓட்டம். கம்பிகளில் தொங்கித் தாவி, சுவரேறிக் குதித்து ஓடும், ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் உலகெங்கும் பிரபலமான வகை. 2022 நவம்பரில் சம்மேளன மாநாடு அதற்கு ஒப்புதல் அளித்தது. 2023 அக்டோபர் 16ஆம் தேதி மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழுவின் கூட்டம், லாஸ் ஏஞ்சலீஸ் போட்டிகளில் நவீன பென்டத்லன் நீடிப்பதை உறுதி செய்தது. அதே நாளில் கிரிக்கெட்டும் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதால், இந்திய ஊடகங்களில் மற்ற எதற்கும் இடம் கிடைக்கவில்லை.

குதிரையின் கடைசி ஒலிம்பிக் ஓட்டம் 2024 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்தது. ஆடவர் பிரிவில் எகிப்தின் அகமது எல்கெண்டி 1,555 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். வெள்ளி ஜப்பானின் தைஷு சாட்டோவுக்கும், வெண்கலம் இத்தாலியின் ஜோர்ஜோ மலானுக்கும் கிடைத்தன. ஸ்வீடன், ஹங்கேரி, சோவியத் ஒன்றியம் என்று ஐரோப்பிய ராணுவங்களுக்குள் சுழன்ற பதக்கங்கள் எகிப்துக்கும் ஜப்பானுக்கும் சென்றது இந்த விளையாட்டின் பரவலைக் காட்டுகிறது.

மீதமிருப்பது என்ன?

மாற்றத்தை ஆதரிப்போரின் வாதம் எளிமையானது. குதிரை வளர்க்கவும் ஏறிப் பழகவும் பெரும் பணம் தேவை. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் இளைஞர்களை இந்த விளையாட்டிலிருந்து தள்ளிவைத்ததில் குதிரைக்குப் பெரும் பங்குண்டு. தடை ஓட்டத்துக்குக் கம்பிகளும் சுவரும் போதும்.

இந்த வாதம் தெற்காசியர்களுக்குப் பொருந்தக்கூடியது. நவீன பென்டத்லனின் மற்றொரு அங்கமான வாள்வீச்சிலேயே, ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியர் என்ற பெருமை, டோக்யோவில்தான் சென்னையைச் சேர்ந்த பவானி தேவிக்குக் கிடைத்தது. அவர் ஆடியது சேபர் வாள். பென்டத்லனில் பயன்படுவது எப்பே வாள். ஒரு பிரிவுக்கே நிலைமை இதுவென்றால், வாளோடு குதிரையும் நீச்சலும் துப்பாக்கியும் சேர்ந்த ஒன்றில் இந்தியாவோ இலங்கையோ தடம் பதிக்காததில் வியப்பில்லை.

எதிர்ப்போரின் வாதமும் புறந்தள்ளக் கூடியதல்ல. துப்பாக்கி ஏற்கெனவே லேசர் கருவியாக மாறிவிட்டது. ஓட்டமும் சுடுதலும் ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டன. நான்கைந்து நாள்கள் நடந்த போட்டி, 1996 அட்லாண்டா முதல் ஒரே நாளில் முடிகிறது; இப்போது இறுதிச் சுற்று 90 நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இனி குதிரையும் இல்லையென்றால் கூபர்டன் படைத்ததில் மீதமிருப்பது என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைச் செயின்ட் மோரிட்ஸின் கண்ணோட்டத்தில் பார்த்தால் படம் சற்று மாறுகிறது. 1948இல் நீச்சலும் ஓட்டமும் போய்ப் பனிச்சறுக்கு வந்தபோது, அது பென்டத்லன் அல்ல என்று எவரும் சொல்லவில்லை. ஐந்து என்ற எண்ணும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத திறமைகளை ஒரே உடலில் கோரும் தன்மையும் இருந்தால் போதும் என்று அன்றைய அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் போட்டி அழிந்ததற்கும் காரணம், தன்னால் மாற்றவே முடியாது என்று நினைத்த குதிரையை அது விடாமல் பிடித்துக்கொண்டதுதான் என்று வாதிட இடமிருக்கிறது. குதிரையையும் வாளையும் உதறிய பயத்லன் வாழ்கிறது.

அந்த பயத்லனின் உலக சாம்பியன் போட்டி, 2025 பிப்ரவரியில், முதல் முறையாகச் சுவிட்சர்லாந்தில் நடைபெற்றது. இடம், லென்சர்ஹைடே. செயின்ட் மோரிட்ஸ் அமைந்துள்ள அதே கிராபுண்டன் மாநிலத்தில்தான் அந்த ஊரும் இருக்கிறது.